தொடங்கும்போதே விறைத்து நிற்கும் கணனி: வன்பொருள் முரண்பாட்டைக் கண்டறிதல்



ஆளியைப் போடுகிறீர்கள். விசிறி சுற்றுகிறது. கறுப்புத் திரையில் நினைவகத்தின் அளவு எண்ணப்படுகிறது. பின்பு வின்டோஸ் படம் வருகிறது. வந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. விசைப்பலகையில் எதை அழுத்தினாலும் அசைவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தாலும் அதே படம்தான். இதைத்தான் கணனி ‘ஹேங்’ ஆகிவிட்டது என்கிறோம். ‘விறைச்சுப் போச்சு’ என்று சொல்வோரும் உண்டு.

இந்த நிலையில் பெட்டியைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் இரண்டு வார்த்தைகளே சொல்வார். ஒன்று, ‘வன்தட்டு போய்விட்டது’. மற்றது, ‘ஃபோர்மட் செய்து தருகிறேன்’. இரண்டாவது வார்த்தைக்கு நீங்கள் சம்மதித்தால் வன்தட்டில் எழுதி வைத்திருந்த அனைத்தையும் இழக்க நேரிடும். ஆனால் மேலே சொன்ன அறிகுறி பல வேளைகளில் வன்தட்டின் குற்றமே அல்ல. உள்ளே இருக்கும் இரண்டு உறுப்புகள் ஒரே வழிக்கு உரிமை கோரி முட்டிக்கொள்வதால் வருவது. இதனை வன்பொருள் முரண்பாடு என்பர். அதனை எவ்வாறு கண்டறிவது, ஃபோர்மட் செய்யாமலே எவ்வாறு தீர்ப்பது என்பதே இப்பாடம்.

வேளாண்மைக் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காத்தான்குடியில் நான் உடனிருந்து பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

பூட்டிக் கிடந்த பெட்டி

உன்னிச்சை, உறுகாமம் போன்ற படுவான்கரைப் பக்க ஊர்களிலிருந்து 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பல காத்தான்குடியிலும் அயலூர்களிலும் தங்கின. காணி அங்கே, ஆட்கள் இங்கே. அக்குடும்பங்கள் சிலவற்றின் காணி விபரங்களை ஒரு சிறு நிலையத்தில் பிற்காலத்தில் கணனியில் பதிந்து வைத்திருந்தார்கள். குடும்பத் தலைவரின் பெயர், கண்டத்தின் பெயர், ஏக்கர் கணக்கு, அனுமதிப்பத்திர இலக்கம் அல்லது உறுதி இலக்கம், நான்கு எல்லைக்கும் உரியவர்களின் பெயர்கள் ஆகியன அதில் இருந்தன. மூலப் பத்திரங்களைத் தொலைத்த பலருக்கு எழுத்தில் எஞ்சியிருந்தது இது ஒன்றே.

யுத்தம் முடிந்தபின் அந்தப் பெட்டியைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. புதிய கணனி வந்தது. பழையது துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்டது. 2016இல் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டத்தை இயற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கை காரணமாகத் தமது காணி உரிமையை நீதிமன்றத்தில் கோர இயலாதிருந்தோருக்கு அந்த ஆண்டுகள் பாதகமாகக் கணக்கிடப்படலாகாது என்பதே அதன் சாரம். அதற்கும் ஒரு கால எல்லை இருந்தது. அப்போதுதான் பலருக்கும் பழைய பட்டியல் நினைவுக்கு வந்தது. துணியை எடுத்து ஆளியைப் போட்டார்கள். வின்டோஸ் 98 படம் வந்து அப்படியே நின்றது.

ஒரு திருத்துநர் வந்து பார்த்தார். வன்தட்டு பழுது, ஃபோர்மட் செய்தால் இயங்கும் என்றார். அங்கே கணனி பழகிக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி சம்மதிக்கவில்லை. “சேர், நேற்று வரைக்கும் சத்தமில்லாமல் சுத்துற தட்டு எப்படிப் பழுதாகும்?” என்று என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பழுதான வன்தட்டு பெரும்பாலும் ‘டிக் டிக்’ என்று தட்டும், அல்லது சுற்றாது, அல்லது ஆரம்பத் திரையில் அதன் பெயரே வராது. இங்கே பெயர் வந்தது. வின்டோஸ் படமும் அதிலிருந்துதான் வந்தது. ஆகவே தட்டு வாசிக்கப்படுகிறது. கோளாறு வேறெங்கோ இருந்தது.

முரண்பாடு என்றால் என்ன?

கணனியின் மூளையான செயலி ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். விசைப்பலகையில் ஒரு எழுத்தை நீங்கள் அழுத்தியதும், ‘எனக்கொரு சேதி உண்டு, கொஞ்சம் கவனியுங்கள்’ என்று விசைப்பலகை அதனைக் கூப்பிட வேண்டும். செயலி கையிலுள்ள வேலையை நிறுத்தி, கூப்பிட்டது யார் என்று அறிந்து, அதற்குரிய ஏவல் நிரலை ஓட்டிவிட்டு மீண்டும் பழைய வேலைக்குப் போகும். இவ்வாறு கூப்பிடுவதற்கு ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கம்பி உண்டு. அதனை ஐ.ஆர்.கியூ என்று அழைப்பர். நாம் இங்கே அழைப்புக் கோடு என்போம்.

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஓகஸ்டில் வெளியிட்ட தனியாள் கணனியில் இந்த வேலைக்கு இன்டெல் 8259 என்னும் ஒரே ஒரு சிப் இருந்தது. அதில் 8 கோடுகள். 1984இல் வந்த ஏ.டி. வகையில் இன்னொரு சிப்பைச் சேர்த்து 16 ஆக்கினார்கள். இரண்டாவது சிப்பை முதலாவதுடன் இணைக்கவே ஒரு கோடு செலவாகியதால் மிஞ்சியது 15. அதற்குப் பின் பல ஆண்டுகளுக்கு, எத்தனை புதுப் புது அட்டைகள் வந்தபோதும், கோடுகளின் தொகை கூடவில்லை. சண்டைக்கு மூலம் அங்கேதான்.

எந்தக் கோடு யாருக்கு என்பது பெரும்பாலும் வழக்கமாக அமைந்திருந்தது. 0 கடிகாரத்துக்கு, 1 விசைப்பலகைக்கு. 3ஆம் கோடு இரண்டாவது தொடர்வாயிலுக்கும் 4ஆம் கோடு முதலாவது தொடர்வாயிலுக்கும் உரியன. நெகிழ்தட்டு 6, அச்சுப்பொறி 7. வட்ட முனை மௌஸ் இருந்தால் 12. வன்தட்டும் இறுவட்டு இயக்கியும் தொடுக்கப்படும் இரண்டு நாடாக்களுக்கு 14, 15. இவை போக 5, 9, 10, 11 ஆகியனவே புதிதாக வருபவருக்குத் திறந்த இடங்கள். ஒலி அட்டை வழக்கமாக 5ஐ அல்லது 7ஐக் கேட்கும். அந்நாளில் எங்கும் விற்பனையான என்.இ.2000 வகை வலையமைப்பு அட்டைகள் தொழிற்சாலையிலிருந்து 3ஆம் கோட்டில் அமர்த்தப்பட்டே வந்தன. அந்தக் கோட்டில் ஏற்கனவே இரண்டாவது தொடர்வாயில் குடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் நான் ஒரு தாளில் வரைந்து அந்தத் தங்கச்சிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவருடைய வாப்பா இருந்தார். உன்னிச்சைக் குளத்து நீரில் வேளாண்மை செய்தவர். கொஞ்ச நேரம் கேட்டிருந்துவிட்டு, “தம்பி, இது மேல்கண்டத்தானும் கீழ்கண்டத்தானும் ஒரே நேரத்துல வக்கடையத் திறந்த கதைதானே. ரெண்டு பேருக்கும் தண்ணி வராது” என்றார்.

சரியாகச் சொன்னார். போகம் தொடங்குமுன் கூட்டம் கூடி இன்ன நாளில் இன்ன கண்டத்துக்கு நீர் என்று முறை வகுப்பார்கள். வாய்க்காலில் அதனை நடத்துபவர் வட்டை விதானையார். முறை தப்பி இருவர் திறந்தால் நீர் குளத்தில் இருந்தும் பயிருக்குப் போய்ச் சேராது. கணனியிலும் அப்படியே. பழைய ஐ.எஸ்.ஏ. வகைச் செருகுமிடங்களில் ஒரு கோட்டை இருவர் பகிர இயலாது. 3ஆம் கோட்டில் அழைப்பு வந்தால் செயலி ஒரு நிரலிடம்தான் போகும். தொடர்வாயிலின் நிரலிடம் போனால், அது ‘நான் கூப்பிடவில்லையே’ என்று சும்மா இருந்துவிடும். கூப்பிட்ட வலையமைப்பு அட்டையின் நிரலோ பதிலை எதிர்பார்த்து நிற்கும். பதில் வரவே வராது. வின்டோஸ் தொடங்குகின்ற நேரம் ஒவ்வொரு நிரலும் ‘நான் தயார்’ என்று சொன்ன பின்பே அடுத்தது ஏற்றப்படுவதால், ஒன்று காத்து நின்றால் எல்லாமே நின்றுவிடும். நீங்கள் பார்க்கும் அசையாத படத்தின் பொருள் இதுதான்.

பின்னர் வந்த பி.சி.ஐ. வகைச் செருகுமிடங்களில் ஒரு கோட்டைப் பலர் பகிரும் ஏற்பாடு இருந்தது. 1995 ஓகஸ்டில் வெளியான வின்டோஸ் 95 முதல் கோடுகளைத் தானே பங்கிட்டுக் கொடுக்கும் முறையும் வந்தது. ஆயினும் கையால் அமர்த்தும் பழைய அட்டை ஒன்று உள்ளே இருக்குமாயின், தானியங்கிப் பங்கீட்டுக்கு அது இருப்பதே தெரியாமற் போகலாம். 1990களின் பிற்பகுதியில் வந்த பெட்டிகளில் இரண்டு வகையும் கலந்திருந்தபடியால் அவற்றில்தான் இந்தத் தொல்லை மிக அதிகம்.

எந்த இடத்தில் நிற்கிறது?

திருத்தத் தொடங்குமுன் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்து வையுங்கள். ஆளியைப் போட்டு, கடைசியாகத் திரையில் வந்தது என்ன என்பதை எழுதுங்கள். பாதி வேலை இதில் முடிந்துவிடும்.

திரையில் ஒன்றுமே வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால் நினைவகத் துண்டையோ திரை அட்டையையோ சந்தேகியுங்கள். எமது பகுதி ஒரு புறம் கடலும் மறுபுறம் வாவியும் உள்ள ஒடுங்கிய நிலம். உப்புக் காற்று அட்டைகளின் பொன்னிறத் தொடுகைகளில் படிந்து கறுப்பாக்கிவிடும். மாரி காலத்தில் இன்னும் மோசம். மின்செருகியைக் கழற்றிவிட்டு, அட்டையை நேராக மேலே இழுத்து எடுத்து, தொடுகைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, மீண்டும் இறுக்கமாகப் பொருத்துங்கள். மண்முனைத்துறையில் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன் ‘பாதை’யில் ஏற்றி இறக்கி, லேண்ட்மாஸ்டரில் குலுங்கி வந்த பெட்டிகளில் அட்டைகள் இடம் விலகியிருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இதற்குக் காசு எதுவும் செலவில்லை.

நினைவகத்தை எண்ணியபின் வன்தட்டைத் தேடும் இடத்தில் நின்றால், அது வேறு வகை முரண்பாடு. ஒரே நாடாவில் இரண்டு தட்டுகளைத் தொடுக்கலாம். ஆனால் ஒன்று தலைவனாகவும் மற்றது துணையாகவும் இருக்க வேண்டும். தட்டின் பின்புறத்தில் ‘ஜம்பர்’ என்னும் சிறு பிளாஸ்டிக் தொப்பி இதனைத் தீர்மானிக்கிறது. எந்த இடத்தில் இட்டால் தலைவன், எந்த இடத்தில் இட்டால் துணை என்ற படம் தட்டின் மேல் ஒட்டிய தாளிலேயே இருக்கும். இரண்டையும் தலைவனாக வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேச, ஒன்றும் கேளாது. பழைய தட்டிலிருந்து பிரதி எடுப்பதற்காக இன்னொரு தட்டைத் தொடுப்பவர்கள் செய்யும் முதற் தவறு இதுவே. இரண்டாவது தவறு அளவு பற்றியது. அக்காலப் பெட்டிகள் பலவற்றின் பயோஸ், சுமார் 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டைக் கண்டவுடன் நின்றுவிடும். 40 கிகாபைட் தட்டு நல்ல தட்டாகவே இருக்கும். பெட்டிக்கு அதை எண்ணத் தெரியாது, அவ்வளவுதான். கழற்றிவிட்டால் பெட்டி பழையபடி இயங்கும்.

வின்டோஸ் படம் வந்தபின் நின்றால், இனி வரும் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

பாதுகாப்பு நிலையில் தொடங்குதல்

ஆளியைப் போட்டதும் எஃப்8 விசையை விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருங்கள். வின்டோஸ் 98 ஆயின் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் போதும். ஒரு பட்டியல் தோன்றும். அதில் ‘சேஃப் மோட்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். இந்த நிலையில் வின்டோஸ் ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை முதலியவற்றின் நிரல்களை ஏற்றாது. திரையும் பெரிய எழுத்துகளுடன் அழகின்றித் தோன்றும். பயப்பட வேண்டாம். இவ்வாறு தொடங்கினால் இரண்டு செய்திகள் உறுதியாகின்றன. வன்தட்டு உயிரோடு இருக்கிறது. ஏற்றப்படாமல் விடப்பட்ட நிரல்களில் ஒன்றே குற்றவாளி.

அப்படியானால் வேறு எதையும் செய்யுமுன் உங்கள் கோவைகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். திருத்துவது பிறகு. நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டுத்தானே கூரையைப் பிரிப்பீர்கள்!

பின்பு ‘மை கம்பியூட்டர்’ படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘ப்ரோபர்டிஸ்’, அதில் ‘டிவைஸ் மனேஜர்’ என்று செல்லுங்கள். உள்ளேயுள்ள உறுப்புகளின் வரிசை தெரியும். பாதுகாப்பு நிலையில் ஒரே உறுப்பு இரண்டு தடவை காணப்பட்டால் அது முன்பு எப்போதோ இருந்த அட்டையின் மிச்சம்; இரண்டையும் நீக்கிவிடலாம், அடுத்த முறை தொடங்கும்போது உண்மையில் உள்ளது மட்டும் திரும்பச் சேரும். அதன்பின் நீங்கள் சந்தேகிக்கும் ஓர் உறுப்பை மட்டும் செயலிழக்கச் செய்து, சாதாரண முறையில் தொடங்கிப் பாருங்கள். தொடங்கிவிட்டால் அதே இடத்துக்கு மறுபடி போய், வரிசையின் தலையில் ‘கம்பியூட்டர்’ என்று எழுதியிருப்பதை இருமுறை தட்டுங்கள். 0 முதல் 15 வரை எந்தக் கோட்டில் யார் இருக்கிறார் என்ற முழுக் கணக்கும் வரும். வட்டை விதானையாரின் முறைக்கொப்பி என்று அதைச் சொல்லலாம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மஞ்சள் வட்டத்தில் ஆச்சரியக்குறி போட்டிருக்கும் உறுப்பு சண்டையில் சம்பந்தப்பட்டது. சிவப்புக் குறுக்குக் கோடு போட்டிருப்பது நீங்கள் நிறுத்தி வைத்தது.

பாதுகாப்பு நிலையிலும் தொடங்கவில்லையா? அப்படியாயின் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஆளியை அணைப்பது மட்டும் போதாது. உள்ளே கையை வைக்குமுன் பெட்டியின் வர்ணம் பூசாத இரும்பைத் தொடுங்கள், உடம்பிலுள்ள நிலைமின்னால் சிப்புகள் கெடாமலிருக்கும். மின்வழங்கிப் பெட்டியையும் பழைய கண்ணாடிக் குழாய்த் திரையையும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்னைக் கழற்றிய பின்பும் அவற்றினுள் ஆளைத் தூக்கியெறியும் அளவுக்கு மின் தங்கியிருக்கும்.

திறந்ததும் தாய்ப்பலகையில் நிற்கும் சிறு உருளைகளின் தலையைப் பாருங்கள். வீங்கி, பழுப்பு நிறமாகக் கசிந்திருந்தால் அது முரண்பாடு அல்ல; பலகையே நோயாளி. தலைகள் தட்டையாக இருந்தால், எந்த அட்டை எந்த இடத்தில் இருந்தது என்பதை வரைந்துகொண்டு, திரை அட்டை தவிர்ந்த ஏனைய அட்டைகள் அனைத்தையும் கழற்றுங்கள். இப்போது தொடங்கிப் பாருங்கள். தொடங்கினால் அணைத்து, செருகியைக் கழற்றி, ஒரு அட்டையை மட்டும் திரும்பப் போட்டு மீண்டும் தொடங்குங்கள். ஒவ்வொன்றாக. அவசரப்பட்டு இரண்டைச் சேர்த்துப் போட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். எதைப் போட்டபோது நின்றதோ அதுவும், அது கேட்கும் கோட்டில் முன்பே இருப்பவரும்தான் வழக்காளிகள்.

மூலையில் கிடந்த பெட்டியில் கண்டது

காத்தான்குடிப் பெட்டிக்கு வருவோம். பாதுகாப்பு நிலையில் அது தொடங்கியது. ஆறுதலாக இருந்தது. ஆனால் அதன் வலையமைப்பு அட்டை புதிதாகப் போட்டதல்ல. பல வருடங்களாக அதே இடத்தில் இருந்து ஒழுங்காக வேலை செய்தது என்று நிலையத்தார் உறுதியாகச் சொன்னார்கள். யாரும் எதையும் மாற்றவில்லை. மாற்றமில்லாமல் சண்டை எப்படி வரும்?

விடை திரையின் மூலையில் இருந்தது. தங்கச்சிதான் அதைக் கண்டார். “சேர், திகதியைப் பாருங்க, 1980 என்று காட்டுது.”

பழைய கணனி காட்டும் 1980 தாய்ப்பலகையின் மின்கலம் செத்துவிட்டதற்கு அடையாளம். தாய்ப்பலகையில் ஒரு ரூபாய்க் குற்றி போன்ற 3 வோல்ட் மின்கலம் உண்டு, சி.ஆர்.2032 என்று அதன் முகத்தில் எழுதியிருக்கும். மின்னில்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயோஸில் நாம் செய்த ஒழுங்குகளையும் அது காத்து வைக்கிறது. மூலையில் வருடக்கணக்காகக் கிடந்த பெட்டியில் அது தீர்ந்துபோவது நிச்சயம். தீர்ந்ததும் பயோஸ் தொழிற்சாலை ஒழுங்குக்குத் திரும்பிவிடும்.

நடந்தது இதுவே. முன்னொரு காலத்தில் இந்த அட்டையைப் பொருத்தியவர் விஷயம் தெரிந்தவர். அட்டை 3ஆம் கோட்டில் இருந்ததால், பயோஸினுள் சென்று இரண்டாவது தொடர்வாயிலை நிறுத்தி வைத்திருக்கிறார். கோடு அட்டைக்கு மட்டும் ஆகியது. மின்கலம் செத்த அன்று அந்த நிறுத்தம் அழிந்து, தொடர்வாயில் மறுபடி உயிர்பெற்று 3ஆம் கோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் செய்ததை எங்காவது ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தால் எங்களுக்கு ஒரு நாள் மிச்சம். எழுதாமல் போவது திருத்துநர்களின் பொல்லாத வழக்கம். நானும் அதற்கு விலக்கல்ல.

புதிய மின்கலம் போட்டோம். தொடங்கும்போது டெல் விசையை அழுத்திப் பயோஸுக்குள் போய்த் திகதியைச் சரிசெய்து, உட்பொருத்திய உறுப்புகளின் பக்கத்தில் ‘ஒன்போர்ட் சீரியல் போர்ட் 2’ என்பதை ‘டிசேபிள்ட்’ ஆக்கிச் சேமித்து வெளியே வந்தோம். வின்டோஸ் படம் வந்தது, போனது, மேசைத் திரை தோன்றியது. தொடர்வாயிலை நிறுத்துவதற்குப் பதிலாக அட்டையிலுள்ள ஜம்பரைக் கழற்றி 5க்கோ 10க்கோ மாற்றியிருக்கலாம். ஆனால் அப்படி மாற்றினால் வின்டோஸிலும் அட்டையின் கோட்டை மாற்ற வேண்டும். குறைந்த மாற்றமே நல்ல மாற்றம் என்று விட்டுவிட்டோம். இரண்டாவது தொடர்வாயிலில் அங்கு எதுவும் தொடுக்கப்படவும் இல்லை.

தட்டை மட்டும் காப்பாற்ற வேண்டுமானால்

பெட்டி என்ன செய்தும் எழும்பாவிட்டால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வன்தட்டைக் கழற்றி, பழைய நாடாத் தட்டை யூ.எஸ்.பி.யில் தொடுக்கும் மாற்றி ஒன்றின் மூலம் இன்றைய கணனியில் வாசிக்கலாம். மேசைக் கணனித் தட்டாயின் தனி மின்வழங்கியுடன் வரும் மாற்றியையே வாங்குங்கள், யூ.எஸ்.பி. வாயிலின் மின் மட்டும் அதனைச் சுற்றப் போதாது. ஜம்பரைத் தலைவன் இடத்தில் வையுங்கள். வின்டோஸ் 95, 98 பாவித்த தட்டுகளைப் புதிய வின்டோஸும் வாசிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். தட்டைத் தொடுத்ததும், ‘இதனைப் பாவிக்குமுன் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா?’ என்று புதிய கணனி சில வேளை கேட்கும். ‘கேன்சல்’ என்பதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். கணனிக்குப் புரியவில்லை என்பதே அக்கேள்வியின் அர்த்தம். தட்டில் ஒன்றுமில்லை என்பதல்ல. மற்றது, தட்டு ‘டிக் டிக்’ என்று தட்டத் தொடங்கினால் உடனே மின்னை நிறுத்துங்கள். தொடர்ந்து சுற்றவிட்டால் மீட்கக்கூடியதும் மீளாது போகும்.

பழைய கோவையைத் திறந்ததும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் கோவை கெட்டுவிட்டது என்று அழித்துவிட வேண்டாம். 1990களில் இங்கே பலரும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அது அவ்வாறுதான் தெரியும். எழுத்துருவை நிறுவி, முழுவதையும் தெரிவு செய்து பாமினிக்கு மாற்றினால் தமிழ் வந்துவிடும். யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் நிரல்களும் உண்டு. மாற்றியபின் பெயர்களையும் இலக்கங்களையும் ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிய கணனிகளில்?

இன்றைய கணனிகளில் அழைப்புக் கோடு பற்றாக்குறை கிடையாது. அழைப்பை ஒரு சேதியாகவே அனுப்பும் முறை வந்துவிட்டபடியால் மேற்சொன்ன சண்டை அபூர்வம். இருந்தாலும் தொடங்கும்போது நிற்பது முற்றாக ஒழியவில்லை. பென் டிரைவ் ஒன்று செருகியபடி இருந்தாலோ, புதிதாகச் சேர்த்த நினைவகத் துண்டு பழையதோடு ஒத்துப்போகாவிட்டாலோ, அச்சுப்பொறியின் நிரல் பிழைத்தாலோ அதே கோலம்தான். வழியும் அதேதான். விசைப்பலகை, மௌஸ் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்கி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்.

அன்று அந்த நிலையத்தில் பட்டியலை முதலில் இரண்டு நெகிழ்தட்டுகளில் பிரதி எடுத்தோம். பிறகு பக்கத்திலிருந்த பழைய ஊசி அச்சுப்பொறியில் தாளிலும் எடுத்தோம். நாடா காய்ந்திருந்ததால் முதல் மூன்று பக்கங்கள் மங்கலாக வந்தன. ஒரு தம்பி மட்டக்களப்புக்குப் போய்ப் புதிய நாடா வாங்கி வந்த பின்பே மிகுதி தெளிவாக வந்தது. 3ஆம் கோடு யாருக்கு, பயோஸில் எதை நிறுத்தினோம், மின்கலம் என்று போட்டோம் என்பதைத் தங்கச்சி ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டினார்.

அவருடைய வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமது பெயருள்ள பக்கத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்து வாசித்தார். ஏக்கர் சரி. அனுமதிப்பத்திர இலக்கம் சரி. வடக்கு, கிழக்கு, மேற்கு எல்லைகளும் சரி. தெற்கு எல்லைக்காரரின் பெயரில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. “இவரு இப்பவும் அங்கதான் இருக்காரு, தம்பி. நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வாறன், சரியா எழுதுங்க” என்று சொல்லி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.